எக்மனுக்கு எக்லண்ட் எழுதின நாலு வரி

ஹார்லன் எக்லண்டுக்கு வெண்டல் எக்மன் மேல கோபம்னு சொல்ல முடியாது. கோபப்படணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும். வெண்டல் அவனுக்கு ஒரு கெடுதலும் பண்ணினதில்ல. பக்கத்துல உக்காந்திருந்தான், அவ்வளவுதான்.

அந்த மாநில சட்டசபையில கட்சி பாத்து உக்கார வைக்கற வழக்கம் கிடையாது. பேர் வரிசைதான். எக்லண்ட், அடுத்தது எக்மன். ரெண்டு பேருக்கு ஒரு மேஜை, நடுவுல ஒரு மைக். நடுவுலன்னு பேரு, ஆனா அது எப்பவும் வெண்டல் பக்கம் சாஞ்சுதான் நிக்கும். ஏன்னா பேசறவன் அவன்தான். ஹார்லன் பேசணும்னா குனிஞ்சு, கழுத்த நீட்டி, "மன்னிச்சுக்கோ வெண்டல்"னு சொல்லி இழுத்துக்கணும். ஒவ்வொரு தேர்தல்லயும் ரெண்டு பேரும் ஜெயிச்சு வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் அதே மேஜைதான்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ சட்டசபை ஒரு நீலப் புத்தகம் போடும். உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு போட்டோ, கீழ சின்னதா வாழ்க்கைக் குறிப்பு. எங்க பொறந்தார், என்ன தொழில், எந்தக் கிறிஸ்தவ சபை, எத்தன பிள்ளைங்க, என்ன பண்ணினார். பள்ளிக்கூடம், நூலகம், முடி வெட்டற கடை, எல்லா இடத்துக்கும் இலவசமா போகும். முடி வெட்டற கடையில வேற படிக்க ஒண்ணும் இல்லாததால ஊரே அதப் படிக்கும்.

ஹார்லனோட குறிப்பு இப்படி இருக்கும்: "எக்லண்ட், ஹார்லன். பைன் ஃபோர்க். பயிர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். லூத்தரன் சபை. மனைவி கொரின். ஒரு மகள். மீன் பிடிப்பதில் ஆர்வம்."

அந்த மீன் பிடிக்கற விஷயம் கூட இடத்த நிரப்பறதுக்காக எழுதினது. அவனுக்கு ஏரியில ஐஸ் மேல உக்காந்து காத்துக்கிட்டிருக்கறது சுத்தமா பிடிக்காது.

அதுக்கு நேர் எதிர் பக்கத்துல வெண்டல். பால் பண்ணை. ராணுவ சேவை. மாவட்ட போர்டு தலைவர். தேவாலயப் பாட்டுக் குழுவான கொயர்ல பாடறவர். மனைவி ஃபிலிஸ். பிள்ளைகள் நால்வர். ரஷ் நதிப் பாலத்துக்கு நிதி வாங்கிக் கொடுத்தவர். கடைசியில எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: "கிராமப்புற ஆம்புலன்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தவர்."

அந்த ஒரு வரி. மத்தத எல்லாம் ஹார்லன் ஜீரணிச்சுக்குவான். பாலம், போர்டு, கொயர் எல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அந்த ஆம்புலன்ஸ் வரியப் பாத்தா மட்டும் அவனுக்கு வயிறு எரியும். சாகற வரைக்கும் சொல்லிக்கற மாதிரி ஒரு வரி. தனக்கு அப்படி ஒண்ணு வாய்க்கலையேன்னு ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் எடுத்துப் பாப்பான், மூடி வைப்பான், மறுபடி எடுத்துப் பாப்பான்.

"நீ பேசாம வெண்டலக் கல்யாணம் பண்ணியிருக்கலாம்"னு கொரின் சொல்லுவா. "என்னப் பத்தி இவ்வளவு நேரம் நீ யோசிச்சதே இல்ல."

"நான் ஒண்ணும் யோசிக்கல. புத்தகத்தப் பாக்கறேன்."

"அவன் பக்கத்தப் பாக்கற. உன் பக்கம் இந்தப் பக்கம் இருக்கு."

போன இலையுதிர் காலத்துல ஒரு தேவாலய விருந்துல நடந்தது இன்னும் மோசம். நீளமான மேஜை, தட்டுல வெண்ணெய் ஊத்தின மீன், உருளைக்கிழங்கு ரொட்டி. ஹார்லன் தொகுதியோட அந்தக் கோடியில இருக்கற ஒரு விவசாயி எழுந்து வந்து அவன் கையப் பிடிச்சுக்கிட்டார்.

"நீங்கதானே அந்த எக்... சட்டசபையில இருக்கறவரு?"

"ஆமாங்க."

"போன மார்ச்ல எனக்கு நெஞ்சு வலி வந்துச்சு. உங்க ஆம்புலன்ஸ் பனியில வந்து சேந்துச்சு. இல்லன்னா இன்னிக்கு நான் இந்த மீன தின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்."

ஹார்லன் இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தலைய மட்டும் ஆட்டினான். மனுஷன் ருபார்ப் பைன்னு சொல்ற இனிப்புப் பலகாரத்துல ஒரு துண்டு கொண்டுவந்து வெச்சார். காபி ஊத்தினார். ஹார்லனுக்கு அந்த சில நிமிஷம் உடம்பெல்லாம் இதமா இருந்துச்சு. வெண்டலுக்குத் தினமும் இப்படித்தான் இருக்கும் போலிருக்குன்னு நினைச்சான்.

அப்புறம் அவரோட மனைவி வந்தாங்க. "லாய்ட், இவரு அவரு இல்ல. இவரு இன்னொருத்தரு. ஆலங்கட்டி மழைக்கு இன்ஷூரன்ஸ் போடறவரு."

"அப்படியா?" அவர் ஹார்லன ஒரு தடவ, பலகாரத் தட்ட ஒரு தடவ பாத்தார். "சரி, பரவாயில்ல. பலகாரத்த சாப்பிடுங்க."

திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருந்தா கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

ஜனவரியில வெண்டல் சொல்லிட்டான், இதுதான் தனக்குக் கடைசி சபைக் காலம்னு. முட்டி போச்சு, பண்ணைய மகள் பாத்துக்கறா, போதும்னான். எல்லாரும் வந்து தோள்ல தட்டினாங்க. ஹார்லனும் தட்டினான். தட்டும்போதே அவனுக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

அந்த சபையில ஒரு பழைய வழக்கம். விட்டுப் போறவருக்குக் கடைசி வாழ்க்கைக் குறிப்ப எழுதறது அவரோட ஒரே மேஜையில உக்கார்றவர்தான். அதுதான் முன்னாள் உறுப்பினர்கள் தொகுப்புல நிரந்தரமா நிக்கும். ஒரு வார்த்தைய யாரும் மாத்தக் கூடாது, சபாநாயகர் கூட. கடைசி நாள் செயலாளர் அத சத்தமாப் படிப்பார். போறவர் எழுந்து நிப்பார். கைதட்டல் கிடையாது. மத்தவங்க மேஜைய விரல் முட்டியால தட்டுவாங்க. முடிஞ்சுது.

அப்போ வெண்டல் எக்மன எழுதப் போறது ஹார்லன் எக்லண்ட்.

குளிர்காலம் பூரா அவனுக்கு இதே நினைப்பு. தலைநகர்ல அவன் தங்கியிருந்த மோட்டல் பக்கத்துக் காபிக் கடையில காலையில உக்காந்து, காகித நாப்கின் மேல எழுதிப் பாத்தான். மொதல்ல எல்லாத்தையும் எழுதினான். படிச்சான். தன்னோடதவிட ரெண்டு மடங்கு இருந்துச்சு. கொயர எடுத்தான். பாலத்த எடுத்தான். போர்ட எடுத்தான். ஆம்புலன்ஸ் மட்டும் மிச்சம் நின்னுச்சு. பேனா அது மேலயே கொஞ்ச நேரம் இருந்துச்சு. அப்புறம் அதையும் அடிச்சான்.

மிச்சம் இவ்வளவுதான்: "எக்மன், வெண்டல். ரஷ் ரிவர். பால் பண்ணையாளர். ராணுவத்தில் பணியாற்றினார். மனைவி ஃபிலிஸ். பிள்ளைகள் நால்வர். நல்ல மேஜைத் தோழர்."

நாலு வரி. தன்னோடதவிடச் சின்னது. கடைசி வாக்கியம் எதுக்குன்னா, யாரும் வந்து குறை சொல்லக் கூடாதுன்னு. பிள்ளைங்க எண்ணிக்கைய பழைய புத்தகத்துல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டான். வேற யோசிக்கல.

பதிவு அலுவலகத்துல ஆர்டிஸ் நைகார்டுன்னு ஒரு அம்மா. பாதி சபைக்கு அவங்கதான் எழுத்துப் பிழை திருத்தறவங்க. அவங்க நாப்கின வாங்கிப் படிச்சாங்க. மூக்குக் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு இன்னொரு தடவ படிச்சாங்க.

"ஹார்லன், ஏதோ விட்டுப்போச்சு போல."

"எது?"

"எதுன்னு உங்களுக்கே தெரியும்."

"சுருக்கமா இருக்கணும்னுதானே வழக்கம்."

"பாதிப் பக்கம் காலியாக் கெடக்கு. நீங்க வேணும்னா அங்க ஒரு மாட்டுப் படம் போட்டு வைக்கலாம்."

"நான் எழுதினது இதுதான் ஆர்டிஸ்."

"சரி"ன்னாங்க. "மாத்தற உரிமை எனக்கு இல்ல." அவங்க டைப் அடிக்கற சத்தம் வெளிய நடைபாதை வரைக்கும் கேட்டுச்சு. ஹார்லனுக்கு அவங்க ஒவ்வொரு எழுத்தையும் தன் முதுகுல அடிக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா திரும்பிப் போகல.

கடைசி நாள். மேல பார்வையாளர் மாடத்துல ஃபிலிஸும் மகளும் உக்காந்திருந்தாங்க. போறவங்க மூணு பேர். மொத ரெண்டு பேரோட குறிப்பு நீளமா இருந்துச்சு. ஒருத்தருக்கு பௌலிங்ல ஜெயிச்ச கோப்பை கூட விடல. அப்புறம் செயலாளர் "எக்மன், வெண்டல்"னு ஆரம்பிச்சார். வெண்டல் மேஜையப் பிடிச்சுக்கிட்டு முட்டியோட மல்லுக்கட்டி எழுந்து நின்னான்.

நாலு வரி எவ்வளவு நேரம் ஆகும். செயலாளர் "நல்ல மேஜைத் தோழர்"னு படிச்சுட்டு, காகிதத்தப் பின்னாடி திருப்பிப் பாத்தார். பின்னாடி ஒண்ணும் இல்ல. சபையில ஒருத்தரும் மேஜையத் தட்டல. முன் வரிசையில ஒருத்தர் திரும்பி ஹார்லனப் பாத்தார். அப்புறம் இன்னொருத்தர். ஹார்லன் மைக்கையே பாத்துக்கிட்டிருந்தான்.

வெண்டல்தான் மொதல்ல அசைஞ்சான். அவன் ஹார்லன் தோள்ல கைய வெச்சான். அந்தக் கைய எடுக்கவே இல்ல. யாரோ ஒருத்தர் மேஜையத் தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. ஹார்லன் அந்த சபையில அவ்வளவு பெரிய சத்தம் கேட்டதில்ல.

வெளிய நடைபாதையில காபி, சாக்லெட் பார், லெமன் பார்னு இனிப்பு எல்லாம் வெச்சிருந்தாங்க. ஹார்லன் கோட்ட எடுத்துக்கிட்டு நழுவப் பாத்தான். வெண்டல் அவன் கையப் புடிச்சு ஜன்னல் பக்கம் இழுத்துட்டுப் போனான்.

"ஃபிலிஸ் உன்கிட்ட சொன்னாளா?"

"என்ன சொன்னாங்க?"

"ஆம்புலன்ஸ் பத்தி."

ஹார்லன் கோட்ட இன்னொரு கைக்கு மாத்தினான்.

"சொல்லலையா? அப்போ நீயாத்தான் விட்டிருக்க." வெண்டல் ஜன்னலப் பாத்துக்கிட்டே பேசினான். "அந்த வரிய ஒவ்வொரு தடவ யாராவது படிக்கும்போதும் அவ எழுந்து வெளிய போயிடுவா. கூட்டத்துல, சபையில, எங்கயும். கர்ட்டிஸ் போனப்புறம்தானே நான் தேர்தல்ல நின்னேன். டிராக்டர் கவுந்து, வண்டி வர்றதுக்குள்ள... அந்தச் சட்டம் அவன்தான். எல்லாரும் அதச் சொல்லிக் கை கொடுப்பாங்க. நானும் நன்றி சொல்லுவேன். வேண்டாம், எடுத்துடுங்கன்னு யார்கிட்ட போய் சொல்றது? அவங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

டிராக்டர் விபத்துல செத்துப்போன வெண்டல் பையன் கர்ட்டிஸ் விஷயம் ஹார்லனுக்குத் தெரியும். மாநிலத்துல எல்லாருக்குமே தெரியும். ஆனா அந்த வரியப் படிக்கும்போது ஒரு தடவ கூட அந்தப் பையன் ஞாபகம் அவனுக்கு வந்ததில்ல. தன் பக்கத்துல அப்படி ஒரு வரி இல்லங்கறது மட்டும்தான் ஞாபகம் வரும்.

"அப்புறம் நால்வர்னு போட்டிருக்க"ன்னான் வெண்டல். "இந்தத் தடவ நீ எழுதும்போது மூணுன்னு மாத்திடுவியோன்னு ஃபிலிஸ் பயந்துக்கிட்டு இருந்தா."

ஹார்லன் வாயத் திறந்தான். உண்மைய சொல்லிடலாம்னுதான் திறந்தான். அதுக்குள்ள ஃபிலிஸ் வந்து அவன் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தக் கைக்குள்ள தன் கைய வெச்சுக்கிட்டு எதச் சொல்றது. அவன் வாய மூடிக்கிட்டான்.

வெண்டல் சொன்னதக் கேட்டுக்கிட்டே அந்தப் பக்கமாப் போன ஆர்டிஸ், ஒரு லெமன் பார எடுத்து அவன் கையில திணிச்சாங்க. "உங்களப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன் ஹார்லன்"னாங்க. அத அவன் தின்னான். மாவு மாதிரி இருந்துச்சு.

"நீ விட்டுப் போறப்போ உனக்கு யாரு எழுதுவா?"ன்னு ஃபிலிஸ் கேட்டாங்க, கண்ணத் துடைச்சுக்கிட்டே. "வெண்டல் சபைய விட்டுப் போறானே."

"பேர் வரிசையில அடுத்தது எல்டிரிட்ஜ்னு ஒரு பொண்ணு. புதுசு. எனக்குப் பழக்கமில்ல."

"அடடா"ன்னான் வெண்டல். "நான் எழுதியிருப்பேனே. உன்னப் பத்தி எழுத எனக்கு நிறைய இருக்கு."

"என்னப் பத்தியா? என்ன இருக்கு?"

"என்னவா? இந்த சபையில மசோதாவக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கற ஒரே ஆள் நீதான். ஸ்கூல் பஸ் மசோதாவுல அந்த ஓட்டைய யாரு கண்டுபிடிச்சது? எவனுக்காவது தெரியுமா? பக்கத்துல உக்காந்திருந்த எனக்குத்தான் தெரியும். ஆலங்கட்டி மழை அடிச்ச வருஷம் ஞாயித்துக்கிழமை கூட பண்ணை பண்ணையாப் போய் கணக்கு எடுத்த. எங்க அண்ணன் இன்னும் சொல்லுவான்." அவன் சொல்லிக்கிட்டே போனான். நீலப் புத்தகத்துல இல்லாத ஹார்லன ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுக்கிட்டே போனான். எல்லாம் நடந்ததுதான். அதெல்லாம் ஒரு குறிப்புல போடற விஷயம்னு ஹார்லனுக்குத் தோணினதே இல்ல.

வாசல்ல கொரின் காரோட நின்னா. ஹார்லன் ஏறி உக்காந்து பெல்ட்ட மாட்டினான். கண்ணாடியில பனி படிஞ்சிருந்துச்சு.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு. எல்லாரும் வந்து கை கொடுத்தாங்க."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

ஹார்லன் வைப்பர் போய்ட்டு வர்றதப் பாத்தான். "எனக்கு வெண்டல் எழுதியிருந்தா, நான் எழுதினதவிட நல்லா எழுதியிருப்பான்"னான்.

"இன்னிக்கும் அவன்தானா"ன்னா கொரின். வண்டியப் பின்னாடி எடுத்தா.