வெறும் நெற்றி

என் கணவர் வாசுதேவ் எட்டு வருஷமாக ஒரே பிஎச்.டி.யை இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து இன்னார் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும், அதுதான் ஆராய்ச்சி. கூடப் படித்தவர்கள் ஜாவா கற்றுக்கொண்டு அமெரிக்கா போய்விட்டார்கள். இவர் மட்டும் சின்ன காஞ்சிபுரத்தில் மின்விசிறியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து வீட்டை ஓட்டினேன்.

2001 ஆவணியில் ஒருவழியாக விடிவு தெரிந்தது. காலேஜில் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவால் தெருவில் இருந்த ஆண், பெண் எல்லோரையும் காலைப் பூஜை முடிந்த கையோடு படம் பிடித்து, கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தார். புதுப் படம் காட்டினாலும் பெயரைப் பட்டென்று சொன்னது. சனிக்கிழமை சென்னையிலிருந்து கைடு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் தலையாட்டினால் தீஸிஸைக் கொடுத்துவிடலாம். நான் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாமனாருக்குக் காய்ச்சல். குளிக்கவில்லை, அதனால் நெற்றிக்குத் திருமண்ணும் இட்டுக்கொள்ளவில்லை. இவர் சும்மா இருக்காமல் அப்பாவைப் படமெடுத்துக் காட்டினார். கம்ப்யூட்டர் அவரை எதிர்வீட்டு மாமி என்றது. நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

பழைய படங்களில் எல்லோருடைய நெற்றியையும் கறுப்பாக மறைத்து ஓட்டினார். ஒருவரையும் அதற்குத் தெரியவில்லை. பிறகு கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் மறைத்து நெற்றியை மட்டும் விட்டார். அத்தனை பேரையும் சரியாகச் சொன்னது. அவரவர் கையால் இட்ட நாமத்தின் சாய்வையும் பொட்டு இருந்த இடத்தையும் மனப்பாடம் செய்திருந்தது. முகத்தைப் பார்க்கவே இல்லை.

"சனிக்கிழமை பழைய படங்களைத்தானே காட்டப் போறேள்? அவருக்கு என்ன தெரியப் போறது?" என்றேன். வெட்கமில்லாமல்தான் கேட்டேன். அவ்வளவு அலுத்திருந்தது எனக்கு.

"எனக்குத் தெரியறதே, பூமா."

அன்று மாலையே கைடுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். நெற்றியில் ஒன்றும் இல்லாத படங்களைச் சேர்த்து முதலிலிருந்து பழக்கச் சொன்னாராம்.

எங்கள் தெருவில் நடக்கிற காரியமா அது? மறுநாள் வீடு வீடாகப் போய்க் கேட்டார். "பாழும் நெத்தியோட போட்டோவா? நான் போனப்புறம் வந்து எடுத்துக்கோடா" என்றார் கோதண்டபாணி மாமா. பெண்களிடம் கேட்க இவருக்கு வாயே வரவில்லை. காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகத் திருமண் இட்டுக்கொண்ட மாமனாரும், "இன்னொரு தரம் கேக்காதே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் இவர் மேலா, தெருவின் மேலா, சொல்லத் தெரியவில்லை.

கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினேன். குங்குமம் போயிற்று. கல்யாணம் ஆனதிலிருந்து வெறும் நெற்றியோடு யார் கண்ணிலும் பட்டதில்லை நான். வந்து அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பூமா, என்ன பண்றே நீ? நான் உசிரோட இருக்கேன்."

"தெரியும். எடுங்கோ."

முதல் படம் கலங்கலாக விழுந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னேன்.