நல்ல காது

பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அப்பா மறுபடியும் இடது கையைத் தூக்கிக் கதவுப் பக்கம் காட்டினார். கூடத்தில் அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லியாச்சுப்பா. வருவாங்க," என்றாள் மகள்.

காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பிழைப்பே அதுதான். பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் ஓட்டாத வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று நாள் முழுக்கப் பதில் சொல்கிறவள். லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே ஜன்னல்தானா என்று எரிச்சலாக வந்தது.

போன வருடம் பக்கவாதம் வந்து அப்பாவின் வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது நெஞ்சு முழுக்கச் சளி. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நேற்று போதகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், குழறிக் குழறித் தன் பாவங்களை எல்லாம் அறிக்கையிட்டார் அப்பா. கடைசியில் அம்மாவைப் பார்த்து, "சொல்லு," என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார். அம்மா போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எழுந்து போனாள். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"ஒரே ஒரு வார்த்தை. சொன்னா வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?" கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அத்தை புலம்பினாள். அப்பாவின் அக்கா. "அதுக்காகத்தான் தம்பி உயிர் போகாம இழுத்துட்டுக் கிடக்கு. நீயாவது போய்ச் சொல்லேன்டி."

மகளுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். மனசாரச் சொல்ல வேண்டாம், ஒப்புக்குச் சொல்லட்டும், எல்லாம் முடியட்டும். எழுந்து கூடத்துக்குப் போனாள்.

அம்மா யாருடைய பேண்ட்டுக்கோ அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய வலது பக்கம் நின்றாள். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சுற்று அது. இடது காதில் அம்மாவுக்கு ஒன்றும் விழாது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு நாள் அப்பாவின் கை அந்தக் காதோடு சேர்த்து இறங்கியது. டாக்டரிடம், குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவே சொன்னாள். மிச்சமிருந்ததற்கு 'நல்ல காது' என்று பெயர் வந்துவிட்டது. தூங்கும்போதுகூட அம்மா இடது பக்கம் ஒருக்களித்து, நல்ல காதை மேலே வைத்துக்கொண்டுதான் படுப்பாள். டூட்டி முடிந்து வருகிறவரின் செருப்புச் சத்தம் வாசலிலேயே கேட்டாக வேண்டும். அவர் நடக்க முடியாமல் படுத்த பிறகும் அவள் அப்படியேதான் படுத்தாள்.

"சொல்லிட்டா என்னம்மா? போற உயிர்தானே?"

"உன்னையும்தானே அடிச்சிருக்காரு. நீ சொல்லேன்."

"நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லது," என்றாள்.

அந்த நேரம் பார்த்து 'விசில்' வந்து சேர்ந்தார். டிரைவராக இருந்த அப்பாவோடு ஒரே வண்டியில் பல வருடம் ஓடிய கண்டக்டர். சொந்தப் பெயர் என்ன என்று அவர் மனைவிக்கே சந்தேகம்தான் என்று டிப்போவில் சொல்வார்கள். கட்டிலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சுவரில் மாட்டியிருந்த கேடயத்தைப் பார்த்ததும் தழுதழுத்தார். விபத்தில்லாப் பணிக்காகக் கம்பெனி கொடுத்தது.

"அண்ணன் பிரேக் போட்டா மடியில தூங்குற குழந்தைகூட முழிக்காது பாப்பா. ஒரு நாய்க்குட்டி மேல ஏத்தினதில்ல. மேனேஜர் வாய்க்கு வந்தபடி திட்டுவான். அண்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. அப்படி ஒரு பொறுமை."

மகளுக்கு உச்சந்தலை சூடானது. கோபம் வந்தால் தம்பிக்குத் தன்னையே தெரியாது என்று அத்தை சின்ன வயதிலிருந்து சொல்லி வந்ததை அவள் நம்பியிருந்தாள். தெரியாமல் என்ன? மேனேஜர் திட்டியதை எல்லாம் வழியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வீடு வரைக்கும் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்து அம்மா மேல் இறக்கிய மனிதர். எங்கே பிரேக் போட வேண்டும், எங்கே போட வேண்டாம் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. விசிலுக்குக் காப்பி கொண்டுவந்தபோது டம்ளரை ஸ்டூலில் ணங்கென்று வைத்தாள். பாவம், அவர் என்ன செய்வார்.

மதியத்துக்கு மேல் போதகர் வந்தார். நல்ல மனிதர். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கொடுத்தார். அதன் பிறகு கூடத்தில் அம்மாவின் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"அம்மா, உங்களுக்கு நடந்தது தீமை. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதைக் கர்த்தர் செய்யல. அவர் மனுஷனைச் சுதந்திரமாப் படைச்சாரு. அந்தச் சுதந்திரத்தை இவர் தப்பாப் பயன்படுத்திட்டாரு."

அம்மா துணியை ஊசிக்கடியில் நகர்த்தினாள். கதவில் சாய்ந்து நின்ற மகளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஐயா, ஓங்கின கையைப் புடிச்சு நிறுத்த ஆண்டவரால முடியுமா, முடியாதா?"

"முடியும்மா. ஆனா ஒவ்வொரு தடவையும் புடிச்சு நிறுத்தினா மனுஷன் வெறும் பொம்மையாயிடுவான். அப்புறம் அவன் காட்டுற அன்புக்கும் அர்த்தம் இருக்காது."

"போன வருஷம் மட்டும் எப்படிப் புடிச்சாரு? அதே வலது கைதான். இத்தனை வருஷம் கழிச்சு, அடிச்சு ஓய்ஞ்சப்புறம் புடிச்சாரு. முன்னாடியே புடிச்சிருந்தா எங்கம்மாவுக்கு ரெண்டு காதும் இருந்திருக்கும்ல?"

"அடிப்பாவி! கர்த்தரையே கேள்வி கேக்கறியா?" அத்தை உள்ளேயிருந்து கத்தினாள்.

"கேக்கட்டும்," என்றார் போதகர். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அதை மடித்துக்கொண்டே இருந்தார். "நோயை அவர்தான் அனுப்பினாருன்னு நான் சொல்ல மாட்டேன். அப்ப ஏன் தடுக்கலைன்னு கேட்டா... எனக்குத் தெரியலம்மா. இதை நானும் கேட்டுப் பாத்திருக்கேன். என் தம்பி விஷயத்துல."

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. மகளுக்குச் சட்டென்று அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரும் தான் ஓட்டாத வண்டிக்குப் பதில் சொல்கிற ஆள்தான். ஆனால் இரக்கம் வந்த வேகத்திலேயே கோபமும் திரும்பி வந்தது. அவளுக்காவது கேட்டுச் சொல்ல டிப்போவின் போன் நம்பர் இருக்கிறது.

"இதெல்லாம் எதுக்கு இப்ப?" அத்தை கூடத்துக்கே வந்துவிட்டாள். "மூச்சு நிக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க ஐயா. உங்க பேச்சைத்தான் கேப்பா."

போதகர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "மன்னிக்கறது நம்ம கடமைம்மா. அவர் போறதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி."

அம்மா மெஷினின் சக்கரத்தில் கையை வைத்து அதை நிறுத்தினாள்.

"போன ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னது ஞாபகம் இருக்குங்க ஐயா. கட்டாயத்துல வர்ற அன்பு ஆண்டவருக்கே வேண்டாம்னு சொன்னீங்க. அதனாலதான் மனுஷனை அவன் இஷ்டத்துக்கு விட்டிருக்காருன்னு."

"ஆமாம்மா."

"அவரை அத்தனை வருஷம் அவர் இஷ்டத்துக்கு விட்டாச்சு. என்னை மட்டும் ஏன் விட மாட்டேங்கறீங்க?"

விசில் தன் காலி டம்ளரை எட்டிப் பார்த்தார். அம்மா எழுந்து, மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டு அப்பாவின் அறைக்குள் போனாள்.

ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்தது. இந்த ஒரு வருடமும் அதில் உட்கார்ந்துதான் அவள் அப்பாவுக்கு ஊட்டினாள், துடைத்துவிட்டாள், மாத்திரை கொடுத்தாள். அங்கே உட்கார்ந்தால் அவளுடைய இடது காதுதான் அவர் பக்கம் இருக்கும். அவர் என்ன முனகினாலும் விழாது. இந்தப் பக்கம் உட்காரேன்மா என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியும் அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இப்போது அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். போட்டு உட்கார்ந்தாள். குனிந்து நல்ல காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அப்பாவின் இடது கை எழும்பியது. அம்மாவின் தோள் பழக்கத்தில் ஒடுங்கியது. ஆனால் அவள் நகரவில்லை. கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுப் போர்வைமேல் விழுந்தது. அவர் பேச ஆரம்பித்தார். அறை வாசலில் நின்ற மகளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. குழறலும் இழுப்புமாக அது வெகுநேரம் போயிற்று. அவள் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை.

வெயில் இறங்குவதற்குள் அப்பா போய்விட்டார்.

"சொன்னீங்களாம்மா?" போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவர் பேசினாரு. காது கொடுத்தேன்," என்றாள் அம்மா. "அவ்வளவுதான் ஐயா." அவர் என்ன பேசினார் என்று மகள் கேட்டதற்கு, துவைக்கப் போட வேண்டிய துணிகளை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

மறுநாள் காலை கல்லறையில், விசில் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். அத்தை முந்திக்கொண்டு போதகரின் காதில் எதையோ ஓதியிருந்தாள். "இந்தச் சகோதரர் மன்னிப்பு என்னும் பெரிய ஆறுதலோடு..." என்று தொடங்கியவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் எல்லோருக்கும் சுகமாக இருந்திருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் இல்லை என்று தலையசைத்தாள். போதகர் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். பிறகு ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"கல் நெஞ்சுக்காரிங்க. ஆத்தாளும் மகளும்," என்று வீடு வந்து சேரும்வரை அத்தை முணுமுணுத்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மேலே இருக்கிறவரிடம் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. கீழே பதில் சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போதகர் திரும்பவும் வந்தார். வீட்டுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போகலாம் என்று.

"அம்மாவைக் கூப்பிடு," என்றாள் அத்தை.

மகள் அறைக் கதவைத் தள்ளினாள். வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்து அம்மா படுத்திருந்தாள்.

"அம்மா."

அசைவில்லை.

"அம்மா, ஐயா வந்திருக்காரு."

தெருவில் பேருந்து ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. வாசலில் நாற்காலிகள் தடதடவென்று சரிந்து விழுந்தன. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அம்மா வலது பக்கம் ஒருக்களித்து, நல்ல காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, எழுந்துட்டாளா? ஐயா காத்துக்கிட்டிருக்காரு."

"காத்துக்கிட்டிருக்கட்டும் அத்தை."

மகள் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். எண்ணெய் போடாத கீல் கிரீச்சென்று கத்தியது. உள்ளே அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை.