மீட்டருக்குள் ஒரு செம்புக் கம்பி

டாக்சியின் கம்ப்யூட்டர் பெட்டியை எரித்தவள் என்று ஒர்க்‌ஷாப் முழுக்க அவள் பெயர் நாறி ஒரு வாரமாகிவிட்டது. அவள் அங்கே எலக்ட்ரீஷியன்; முதலாளி அவள் அக்காள் புருஷன். அன்று சென்சார் வயரைச் சோதித்துவிட்டு, வோல்ட், கரண்டு அளக்கும் தன் மீட்டரை வண்டி மேலேயே வைத்துவிட்டு உதிரிபாகம் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது வண்டிப் பக்கத்தில் அத்தான் மட்டும் நின்றிருந்தார்; பெட்டி செத்திருந்தது. கடைசியாகத் தொட்டவள் அவள்தான் என்று அத்தான் சத்தியம் செய்யாத குறை.

இன்று டாக்சிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு, நாளையிலிருந்து அவள் வேலையை விட்டு நின்றுவிட வேண்டுமாம்.

"குடும்பத்துக்குள்ளதானே, ஒரு வார்த்தை சொல்லிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்றார் அத்தான், பல்லைக் குத்திக்கொண்டே.

அவள் தன் மேசைக்குப் போய், திரை மங்கிப்போன மீட்டருக்கு பேட்டரி மாற்றலாம் என்று பின்மூடியைக் கழற்றினாள்.

பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது.

சீ, என்ன ஈனப் புத்தி! மீட்டரின் சிவப்பு வயரை, கரண்டு அளக்கும் ஆம்பியர் ஓட்டையில் செருகிவிட்டு, வோல்ட் பார்க்கிறேன் பேர்வழி என்று வண்டி வயரில் தொட்டால் பியூஸ் போகும், அதோடு பிழைத்தோம். இந்த மகராசன் போன பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி, மறுபடியும் தொட்டிருக்கிறார். வண்டி பேட்டரியின் கரண்டு அப்படியே பெட்டிக்குள் பாய்ந்திருக்கிறது. வோல்ட் அளக்க அந்த பியூஸ் வேண்டாம் என்பதால் அவளுக்கும் தெரியாமல் போயிற்று. பெட்டி கிடக்கட்டும், இந்த ஒரு வாரத்தில் அவள் கை தவறியிருந்தால் மீட்டர் கையிலேயே வெடித்திருக்கும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே மனுஷன்! இவர் வீட்டிலா சாப்பிட்டோம்!

மூடியைப் போட்டு முடுக்கினாள். சிவப்பு வயரை ஆம்பியர் ஓட்டையில் செருகி, டாக்சியின் பானெட்டைத் திறந்தாள்.

"அத்தான், என் கைதான் விளங்காத கையாச்சே. நீங்களே பேட்டரியில வெச்சுக் காட்டுங்க. தப்பா வெச்சாலும் உள்ள பியூஸ் இருக்கே, என்ன ஆயிடப்போகுது?"

நீட்டிய மீட்டரைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாம்மா. அதுல பியூஸ் இல்ல."

டாக்சிக்காரர் எழுந்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் மீட்டரை டாக்சிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவ சோப்பைத் தேடிப் போனாள்.