படத்துக் குழந்தைக்குக் காய்ச்சல்

கிளென்ஃபீல்டில் உள்ள சின்ன அமெரிக்கக் கலை மியூசியத்தில், நூற்றெண்பது வயதான ஓவியம் ஒன்றிலிருந்த குழந்தைக்கு, கஜந்தினி வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கண்டது. மியூசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய வீடு ஒன்று, அதன் நாலு அறைகளில் அமெரிக்காவிலிருந்து வந்த ஆடும் நாற்காலிகள், ஒட்டுத்துணிப் போர்வைகள், வெள்ளிக் கோப்பைகள், பன்னிரண்டு ஓவியங்கள், காவலுக்கு ஜெயரட்ணம். திங்கட்கிழமை வெலிங்டனிலிருந்து வந்த நிபுணர் ஈரப்பதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை படத்தில் வைத்த வெப்பமானி நாற்பதைக் காட்டியது; குழந்தையின் நெற்றிச் சாயம் வியர்வையாய் வழிந்தது. இரண்டு நாளைக்குமேல் தாங்காது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஜெயரட்ணம் வருகைப் புத்தகத்தில் நம்பரைத் தேடிக் கஜந்தினிக்கு போன் எடுத்தார்.

கஜந்தினிக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளையில்லை. குழந்தைகள் வார்டில் நேர்ஸ் வேலை. அங்கே அவள் தூக்காத பிள்ளையில்லை. ஆனால் பாட்டனி டவுன்ஸில் மச்சாள் வீட்டில் அவள் தலை தெரிந்தால் தொட்டில் உள்ளறைக்குப் போய்விடும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாயே திறக்காத ஊரை எதைக்கொண்டு மூடுவது? படத்துப் பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்றுதான் அவள் அங்கே போனாள். அரைமணி நேரம் நின்று பார்த்தவள், என்ன கொழுகொழு கன்னம் என்று வாய்விட்டும் சொல்லிவிட்டாள்.

"குறை நினையாதை பிள்ளை. நாவூறு எண்டு நினைக்கிறன், கண்பட்டுப் போச்சு. உன்ரை காலடி மண் வேணும்," என்றார் ஜெயரட்ணம்.

"ஓம் அங்கிள், வாறன்," என்றாள். அவமானத்தில் காது கொதித்தது.

சப்பாத்தின் அடியில் சுரண்டிய மண், உப்பு, மூன்று செத்தல் மிளகாய். ஜெயரட்ணம் புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டினார். இவற்றைக் கையில் பொத்திப் படத்துக்கு மும்முறை சுற்றிச் சமையலறை அடுப்பில் போட வேண்டும். மிளகாய் கமறாவிட்டால் நாவூறுதான். பிள்ளை பிழைக்கும், அவளுடையது பொல்லாத கண் என்பதும் உறுதியாகிவிடும். கமறினால் பழி நீங்கும், பிள்ளையின் பாடு தெரியாது. இதில் எதை வேண்டுவது? கமறக் கூடாது முருகா என்றுதான் வேண்டினாள்.

மிளகாய் கருகியது. பத்து எண்ணும்வரை ஒன்றுமில்லை. பிறகு ஜெயரட்ணம் இருமினார். அவள் இருமினாள். முன்னறைப் படங்களில் கப்பல் தலைவனும் பாதிரியாரும், பாதிரியாரின் இரண்டு மனைவிமாரும் இருமினார்கள். கடைசியில் குழந்தையும் இருமியது. வார்டில் நாளுக்கு இருபது தடவை கேட்கிற இருமல் அது.

"அங்கிள், இது நாவூறு இல்லை. சளிக்காய்ச்சல்," என்றாள். அழுகை வந்தது, அழுதாள். மிளகாய் மேல் பழி போடவில்லை. மோலில் இருந்த மருந்துக்கடைக்கு ஓடிப் பரசிட்டமோல் பாணி வாங்கி வந்து, படத்தைத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உதட்டோரம் விட்டாள். குழந்தை முகம் சுளித்து விழுங்கியது. நாலு மணிக்குள் சூடு இறங்கியது.

அன்றைக்குக் கண்ணை மூடிய குழந்தை இன்னும் தூங்குகிறது. மியூசியத்தார் பெயர்ப்பலகையைத் 'தூங்கும் குழந்தை' என்று திருத்தி, மெதுவாகப் பேசவும் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஜெயரட்ணம் அந்தப் படத்தின் முன்னே ஒரு நாற்காலி போட்டு வைக்கிறார். கஜந்தினி வந்து உட்கார்ந்து, கண் நிறையப் பார்த்துவிட்டுப் போகிறாள்.