இடது பக்கத் தேய்மானம்

பழைய அலமாரிக்குப் புது பெயிண்ட் அடித்து, அடித்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் பழையதாக்குவதற்கு 'ஷேபி ஷிக்' என்று பெயராம். அக்கா சொன்னாள்.

"அதான் ஏற்கெனவே பழசா இருக்கேக்கா?"

"இது வெறும் பழசுடா எரும. அது அழகான பழசு."

வீடியோ பார்த்துவிட்டு வந்தவளிடம் வாதாடக் கூடாது.

அது அம்மாவின் அலமாரி. நான்கு இழுப்பறை, பச்சை பெயிண்ட். அம்மா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று அக்கா கேட்டதற்கும் "எடுத்துக்கோ" என்றதோடு சரி. எப்படியாவது அவர் வாயைத் திறக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவள் கவலை. அதற்காகவே வேலையை எங்கள் வீட்டு பால்கனியில், அவர் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாள்.

பச்சையைச் சமப்படுத்தும் பொறுப்பு எனக்கு. பரீட்சைத்தாளைக்கூட முழுதாக நிரப்பாத நான், அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக வேலை செய்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயிண்ட் போய் மரம் தெரிந்த இடம், மூன்றாவது இழுப்பறையில் லேசாகக் குழிந்திருந்த இடம் எல்லாவற்றிலும் பட்டி வைத்து, ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்படி தேய்த்தேன். அதன் மேல் இரண்டு கோட்டிங் வெள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்ததுபோல் நின்றது அலமாரி.

மறுநாள் காலை அக்கா உப்புத்தாளுடன் உட்கார்ந்தாள். "கை படற எடத்துல மட்டும் தேய்க்கணும். அப்பத்தான் இயற்கையா இருக்கும்." கைப்பிடியின் வலது ஓரத்தைத் தேய்த்தாள். வெள்ளைக்கு அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது.

டீ கொண்டுவந்த அப்பா அப்படியே நின்றார்.

"அங்க இல்ல."

"என்னப்பா?"

"உங்கம்மா இடது கைக்காரி."

எங்களுக்குத் தெரியாததா? எங்கள் முதுகில் விழுந்ததெல்லாம் அந்த இடது கைதான். ஆனால் வீடியோவில் தேய்த்தவர் காட்டியது வலது பக்கம்.

அப்பா குனிந்து இடது ஓரத்தைத் தடவினார். "இங்க பெயிண்ட் போயிருந்துச்சே?"

"நான்தான்பா பட்டி வெச்சு அடைச்சேன்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்தேன். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "நல்லாத்தான் வெச்சிருக்கே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அக்காவிடமிருந்து உப்புத்தாளை வாங்கி, இடது ஓரத்தைத் தானே தேய்த்தார். அவசரப்படவில்லை. பிறகு மூன்றாவது இழுப்பறையைத் திறந்துவைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இத அவ கையால மூட மாட்டா. குனிய சோம்பேறித்தனம். முட்டியாலதான் இடிப்பா."

முட்டியைக் கொண்டுபோனார். இழுப்பறையின் மேல் விளிம்பில் பட்டது. அம்மா அவர் தோளுக்குத்தான் வருவாள். கொஞ்சம் மடங்கி நின்று பார்த்தார்.

"இன்னும் கீழப்பா," என்றாள் அக்கா. "அம்மா குள்ளம்."

"குள்ளம்னு அவ காதுபட சொல்லிப் பாத்திருக்கணும் நீ."

இன்னும் மடங்கி, இடித்தார். டொக்.



"தெனம் ஆறு மணிக்கு இந்தச் சத்தத்துலதான் முழிப்பேன்," என்றார் அப்பா. "எழுந்திருங்கன்னு ஒரு நாள் சொன்னதில்ல. இடிப்பா, அவ்ளோதான். இப்ப அலாரம் வெச்சுக்கறேன். அது... சரியா வரல."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயைக் குடித்தாள். ஆறிப்போன டீ.

அலமாரி அவள் வீட்டுக்குப் போகவில்லை. அதைப் பற்றி யாரும் பேசி முடிவெடுக்கவும் இல்லை. சாயங்காலம் நானும் அப்பாவும் தூக்கிப்போய் அவர் அறையில் பழைய இடத்திலேயே வைத்தோம். வலது பக்கத் தேய்ப்பை வெள்ளை அடித்து மறைக்கிறேன் என்றாள் அக்கா. நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அப்பா அறையிலிருந்து டொக் என்று கேட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. அம்மா இருந்தபோதும் எழுந்ததில்லை.