பனிமூட்டத்தில் வெட்டிய ஷிராஸ்

ஏப்ரல் கடைசியில்தான் எங்கள் மேட்டில் ஷிராஸ் திராட்சை பழுக்கும். கீழே சமவெளிக்காரர்கள் அறுவடை முடித்துத் தொட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள். பேருக்குத்தான் ஈடன் பள்ளத்தாக்கு, இருப்பது உயரத்தில்; பூமியின் தென்பாதியில் ஏப்ரலிலேயே குளிர் வந்துவிடும். நாங்கள் கம்பளித் தொப்பியோடு விரல் விறைக்க நின்றிருப்போம். கொடிகள் கிழம். அடிமரம் என் தொடை தண்டி இருக்கும், காய்ப்பில் மட்டும் மகா கஞ்சம்.

அந்த வருஷம் எல்விரா லிண்ட்னருக்கு ஒரே ஆசை. தன் பங்குத் தோட்டத்துப் பழம் மட்டும் தனியாக ஒயினாகி, தோட்டத்தின் பெயரோடு பாட்டிலில் வரவேண்டும். ஒயின் செய்கிற நெரிடா ஒப்புக்கொண்டாள்.

"ஆனா சின்னத் தொட்டியாவது நிறையணும். குறைஞ்சா ஊர்ப் பழத்தோடதான் போகும். அடுத்தவங்க கொத்து கலந்தா பேர் போட மாட்டேன்."

எங்கள் பக்கம் சொந்தக்காரர்தான் முதல் கொத்தை வெட்டவேண்டும். அவர் நிற்கிற வரிசையில்தான் மற்றவர்கள் வெட்ட இறங்குவோம். விடிந்ததும் எல்விரா பனிமூட்டத்துக்குள் விறுவிறுவென்று போய் வெட்டினாள். நாங்களும் பின்னாலேயே இறங்கினோம். முதுகு ஒடிகிற வேலை, யார் தலை தூக்கிப் பார்க்கப்போகிறார்கள்?

தேநீர் நேரத்தில் பனி விலகியது. வரிசைக் கோடியில் இரும்புக் கம்பம் நின்றது. எல்விராவின் கம்பங்கள் மரம். இரும்பு அவள் தம்பி ஆல்வினுடையது. அப்பா பாகம் பிரித்தபோது நடுவில் வேலி போடவில்லை. தம்பி வரிசையில் தொடங்கி அவள் வரிசைக்குள் வந்திருக்கிறோம். பெட்டியில் இரண்டு பழமும் கலந்து கிடந்தது. அதை ஒதுக்கினால் தொட்டி நிறையாது.

"சொல்லாம விட்டுடலாமே எல்விரா. ஒரே கொடிலேர்ந்து ஒடிச்சு நட்டதுதானே ரெண்டும்?" என்றேன்.

"வாய மூடு. குடிக்கிறவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே."

கடித்த ஊறுகாய் வெள்ளரியை அப்படியே வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

"ஆல்வின், உன் பழத்த வெட்டிட்டேன்."

அவன் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான். "பொறந்ததுலேர்ந்து இந்தத் தோட்டத்துல நடக்கற, கம்பம் தெரியலையா? இதுல மகாராணிக்குப் பேர் போட்ட பாட்டில் வேற!" என்று சிரித்தான்.

"திட்டி முடிச்சியா?"

"இன்னும் மிச்சம் இருக்கு."

"அப்புறமா திட்டு. உன் வரிசையெல்லாம் என்னோடதோட சேத்துக் குடு. அப்பா பிரிக்கிறதுக்கு முன்னால ஒரே தோட்டம்தானே. ஒண்ணா வெட்டினா பொய் இல்ல."

ஆல்வினின் சிரிப்பு நின்றது. "அப்ப அது உனக்குன்னு தனியா இருக்காதே. நீதானே ஆசப்பட்ட?"

"தெரியும்டா." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "உன்னோட மனுஷன் பொழைக்க முடியாது" என்று முனகிக்கொண்டே பூட்ஸைத் தேடினான்.

சாயங்காலம் நெரிடா லாரியோடு வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, பெட்டிமேல் ஒட்டும் அட்டையை எடுத்தாள். "சரி, ஒரே தோட்டம். என்ன பேர் எழுத?"

"அப்பா பேர எழுது" என்றான் ஆல்வின்.

"அப்பாவா? களை கொத்தினது, கவாத்து பண்ணினது பூரா அம்மா. அவர் சர்ச்சுல பாடிக்கிட்டிருந்தாரு" என்றாள் எல்விரா.

ஆல்வின் யோசித்தான். "அதுவும் நல்லாப் பாடல" என்றான்.

நெரிடா அவர்கள் அம்மாவின் பெயரை, 'ஹுல்டா' என்று எழுதினாள். பழம் தொட்டியில் விழுவதைப் பார்க்கவேண்டுமென்று எல்விரா தம்பியை இடித்துத் தள்ளிக்கொண்டு லாரியில் ஏறினாள்.

"நகருடா, எருமை."

"நீ மொதல்ல சரியான பக்கம் ஏறினியான்னு பாரு" என்றான் அவன்.

லாரி இறங்கிப் போனது. நான் ஈரப் புல்லில் முதுகை நீட்டிப் படுத்தேன்.