மிளகு குரைத்த பகல்கள்

அவருக்கு ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி வேலை. விடிந்து வீடு வந்து, குளித்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்தாரென்றால் மதியம்வரை அடித்துப்போட்டதுபோலத் தூங்குவார். பக்கத்து ஃபிளாட்டுக்கு ஒரு கேஷியரம்மா குடிவந்ததோடு அது போயிற்று. கூடவே ஒரு நாயும் வந்திருந்தது. பெயர் மிளகு.

கேஷியரம்மா வேலைக்குக் கிளம்பியதும் அது பால்கனியில் நின்று ஆரம்பிக்கும். காக்கா பறந்தாலும் குரைக்கும், பறக்காவிட்டாலும் குரைக்கும். அவர் காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார், தலையணையைத் தலைமேல் கவிழ்த்துப் பார்த்தார். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஒருநாள் வேலையில் கண் சொருகி, சூடான தட்டை வெறுங்கையால் பிடித்துவிட்டார். உள்ளங்கை பொத்துப்போனது.

மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து தடவினாள்.

"சனியன் பிடிச்ச நாய். அந்தம்மாகிட்ட எத்தனை தடவை சொல்லிட்டேன், காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க போய் சண்டை கிண்டை போட்டு வைக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் நம்பினார்.

அடுத்த வாரம் காலையில் மாடிப்படியில் கேஷியரம்மா எதிரே வந்தார். "என்னண்ணா, கையில கட்டு?" என்று எப்போதும்போல உரக்கக் கேட்டார்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க நாயாலதான் மேடம். என் வீட்டுக்காரி அத்தனை தடவை சொல்லியும்..."

"அக்காவா? என்ன சொன்னாங்க?" கேஷியரம்மா விழித்தார். "வந்த புதுசுலயே நானே கேட்டேனே! பகல்ல தூங்கறவருக்குத் தொந்தரவுன்னா, தினமும் தங்கச்சி வீட்ல விட்டுட்டுப் போறேன்னு. 'அவருக்குக் காது மந்தம், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார், நாய் இங்கேயே இருக்கட்டும்'னு அக்காதான் சொன்னாங்க. என் வீட்டுச் சாவிகூட அவங்ககிட்டதான் இருக்கு."

அவருக்கு வெளியாள் முன்னால் மனைவியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஆமா மேடம். காது கொஞ்சம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

மனைவி சமையலறையில் இருந்தாள்.

"எனக்குக் காது மந்தமா?"

அவள் மழுப்பவில்லை. கையில் இருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் துணிமேல் வைத்தாள்.

"இப்படித்தான் வைக்கிறேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து. டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது. அம்மாகிட்ட போன்ல பேசினாக்கூட கிசுகிசுன்னுதான். நீங்க படுத்தப்புறம் சாவியை எடுத்துக்கிட்டு அங்க போயிடுவேன். அந்த நாய்கிட்டதான் நான் வாய்விட்டுப் பேசறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாயை அனுப்பச் சொல்வீங்க."

சொல்லியிருப்பார்தான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆறவில்லை.

"என் கை வெந்து கிடந்தப்ப, மருந்து போட்டுக்கிட்டே அதைத் திட்டினியே. எப்படி முடிஞ்சுது உன்னால?"



அன்று மாலையே அவளாகச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து மிளகு பகலெல்லாம் தங்கச்சி வீட்டில். "மிக்ஸியைப் போட்டுக்கோ, டிவியும் பாரு" என்றார் அவர். "பரவால்ல" என்றாள். போடவில்லை.

அவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். சண்டையும் கிடையாது. ஆனால் ஒருநாள் எழுந்து வந்து காபி கேட்டபோது, "பால் தீர்ந்துபோச்சுங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் அந்தண்டை போனதும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

பால் இல்லைதான்.